டாக்டரிடம் போன வேன்

புகை மேஸ்திரி ஒரு லாரியின் அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது, பக்கத்து டயர் கடைக்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

“மேஸ்திரி, உங்க வீட்டம்மாவ நேத்து டாக்டர் வாசல்ல பார்த்தேனே. ரொம்ப நேரமா உக்காந்திருந்தாங்க.”

மேஸ்திரியின் கை நின்றுவிட்டது. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாளாக அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது இப்போது உறைத்தது. லாரிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வீட்டுக்கு ஓடினார்.

அவள் தெருவில் நின்ற வேனின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் அது. ஒன்பது வருடமாக அவள்தான் ஓட்டுகிறாள்.

“உடம்புக்கு என்ன?”

“எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் நல்லாத்தான் இருக்கேன்.”

“டாக்டர்கிட்ட போனியாமே?”

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. அவள் அவரைப் பார்க்காமல் சொன்னாள்: “எனக்கு இல்லங்க. வண்டிக்கு.”

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவர் மனைவி போயிருந்தது இன்ஜெக்‌ஷன் போடுகிற டாக்டரிடம் அல்ல, இன்ஜெக்டர் கழற்றுகிற டாக்டரிடம்.

அந்தப் பக்கத்தில் டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு டாக்டர் என்றால் ஓர் ஆள்தான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஓட்டி வந்தவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். எப்போதிலிருந்து இப்படி? காலையிலா, சாயங்காலமா? ஏற்றத்திலா, சமதரையிலா? எஞ்சின் சூடான பிறகா? பதில்களை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். அதனால் வந்த பெயர் அது.

புகை மேஸ்திரிக்குப் பெயர் வந்த கதை வேறு. கறுப்புப் புகை வந்தால் டீசல் அதிகமாகப் போகிறது அல்லது காற்று போதவில்லை, வெள்ளை வந்தால் டீசல் எரியாமல் வெளியே வருகிறது, நீலம் வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. இவ்வளவும் எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்ததுதான். ஆனால் இவர் தெருமுனையில் திரும்பும் வண்டியைப் பார்த்தே, “மூணாவது இன்ஜெக்டர் ஒழுகுது, அத மட்டும் கழட்டு” என்பார். பத்துக்கு எட்டு முறை சரியாக இருக்கும். மீதி இரண்டை அவர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இருவரும் இளவயதில் ஒரே பட்டறையில் வேலை பழகியவர்கள். அங்கே புகை மேஸ்திரிதான் சூட்டிகை. டாக்டர் மந்தம். அவர் ஒரு வண்டியைத் திறப்பதற்குள் புகை மேஸ்திரி இரண்டு வண்டியை முடித்து வெளியே அனுப்பியிருப்பார். “நீ வண்டி பாக்குறியா, பொண்ணு பாக்குறியா?” என்று முதலாளி டாக்டரைக் கேட்காத நாள் இல்லை. அந்த மந்தமான ஆளிடம், தன் மனைவி, தன் வீட்டு வாசலில் நிற்கிற வண்டியைக் கொண்டுபோய் விட்டிருக்கிறாள்.

அவள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாக அந்த வேன் அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. காலையில் டீசல் போட்டுக்கொண்டு கிளம்பினால் ஜோராக ஓடும். பள்ளி விட்டுத் திரும்பும்போது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ஏற்றத்தில் வண்டி தடுமாறும், இழுக்காது, பிறகு நின்றே போகும். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். பிள்ளைகளின் அம்மாக்கள் போன் மேல் போன் போடுவார்கள். பள்ளியிலிருந்து ஒரு முறை எச்சரித்துக் கடிதமும் வந்துவிட்டது.

புகை மேஸ்திரி நான்கு முறை பார்த்தார். முதல் முறை ஃபில்டரை மாற்றினார். இரண்டாம் முறை டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லி வடித்துவிட்டார். மூன்றாம் முறை டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தருகிற பம்ப்பையே மாற்றினார். நான்காம் முறை எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாலு இன்ஜெக்டரையும் கழற்றிச் சோதித்தார். ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்துக்கொண்டே, “முடிஞ்சுது, போ” என்பார்.

“ஒண்ணு சொல்லணும்ங்க,” என்றாள் அவள் நான்காம் முறை. “டேங்க் நிறைய இருந்தா இது வரதில்ல. பாதிக்குக் கீழ போனாத்தான்…”

“டேங்க் நிறைஞ்சிருக்கா குறைஞ்சிருக்கான்னு எஞ்சினுக்கு எப்படித் தெரியும்? நீ ஏத்தத்துலயும் மூணாவது கியர்லயே இழுக்கிற. அதான் செத்துப் போகுது.”

பக்கத்தில் டயர் கடைக்காரர் நின்றிருந்தார். ஒன்பது வருடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூடக் கீறல் விழாமல் ஓட்டியவள் அவள். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அதற்கு மறுநாள்தான் ரயில் பாதையைத் தாண்டினாள்.

டயர் கடைக்காரர் சொன்ன அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மேஸ்திரியால் பொறுக்க முடியவில்லை.

“அப்படி என்னதான் பண்ணினான்?”

“விடுங்களேன்.”

“சொல்லு. நானும் தெரிஞ்சுக்கறேன்.”

அவள் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல முகம் மலர்ந்துவிட்டது. “டேங்க்லேர்ந்து பம்ப்புக்கு வர்ற குழாயக் கழட்டிட்டாரு. தனியா ஒரு கேன்ல டீசல் வச்சு, அதுலேர்ந்து பம்ப்புக்கு ஒரு ஹோஸ் போட்டாரு. உள்ள ஓடறது வெளிய தெரியும் பாருங்க, அந்த மாதிரி ஹோஸ். ‘இப்ப அந்த ஏத்தத்துல ஓட்டும்மா’ன்னாரு. மூணு தடவ ஏறினேன். நிக்கவே இல்ல. ‘அப்போ பம்ப்பும் நல்லாருக்கு, இன்ஜெக்டரும் நல்லாருக்கு, கோளாறு டேங்க்குக்குள்ள’ன்னு சொல்லிட்டாரு.”

“டேங்க்குக்குள்ள என்னவாம்?”

“ஒரு நீல பிளாஸ்டிக் வட்டம். புது கேன் மூடிக்கு அடியில ஒட்டியிருக்குமே, அது. டீசல் குறைஞ்சா அது உறிஞ்சற குழாய் வாயில போய் ஒட்டிக்குதாம். எஞ்சின் நின்னதும் தானா விழுந்துடுதாம். அதான் பத்து நிமிஷம் கழிச்சுக் கிளம்பிச்சாம். நான் சொன்னத வச்சே கண்டுபிடிச்சேன்னாரு.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், கல்லூரியில் படிக்கிறவள், “சூப்பர்மா” என்று சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தட்டைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மேஸ்திரி தட்டைத் தள்ளி வைத்தார். தனிக் கேன் வைத்துப் பார்க்கிற வித்தை அவருக்குத் தெரியாததல்ல. அவருக்கும் டாக்டருக்கும் முதலாளி அதை ஒரே நாளில்தான் காட்டிக் கொடுத்தார். அதைவிட மோசமான விஷயம், அந்த நீல வட்டம். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் வேன் டீசல் தீர்ந்து வழியில் நின்றபோது, பட்டறையிலிருந்து புது கேனைக் கொண்டுபோய் மூடியைத் திறந்து அவசரமாகக் கவிழ்த்தவர் அவரேதான். அந்தக் கேனின் மூடிக்கு அடியில் ஒட்டியிருந்தது நீலம்தான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் வயிற்றெரிச்சல் குறையவும் இல்லை.

அன்றிலிருந்து அவர் ஒரு சொல்லைக் கவனிக்கத் தொடங்கினார். இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து ‘அவரு’ என்று வந்தால் அது ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். அவரு சாப்பிட வரலை, அவரு கேட்டா கோவிப்பாரு, அவருக்குத் தெரியாம எடுத்துட்டேன். இப்போது அந்தச் சொல் ரயில் பாதையைத் தாண்டிப் போய்விட்டது. ஃபில்டரைக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை மாற்றணும்னு அவரு சொன்னாரு. கிளம்பறதுக்கு முன்னாடி தண்ணியை வடிக்கணும்னு அவரு சொன்னாரு. ஒரு காலை நேரத்தில் மட்டும் அவர் ஐந்து ‘அவரு’ எண்ணினார். ஐந்தில் ஒன்றுகூட இவர் இல்லை.

வேலையிலும் மனம் நிற்கவில்லை. ஒரு நாள் ஸ்பானரைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்திருந்தவரிடம் டயர் கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: “மேஸ்திரி, எல்லா வண்டிப் புகையும் பாக்கறீங்க. இப்ப உங்க காதுலேர்ந்து வருதே, அது என்ன கலர்?”

“உன் வேலையப் பாரு.”

“கறுப்புதான்,” என்று சொல்லிக்கொண்டே அவர் போய்விட்டார்.

கடைசியில் மேஸ்திரி ஒரு சாக்கு கண்டுபிடித்தார். பேரிங் கழற்ற தன்னிடம் இருக்கிற புல்லரின் பல் போய்விட்டது, ஒன்று இரவல் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு டாக்டரின் பட்டறைக்குப் போனார். பட்டறை சின்னது. ஆனால் தரையில் எண்ணெய் இல்லை. ஸ்பானர்கள் சுவரில் அளவு வரிசையில் தொங்கின. வண்டிக்காரர்கள் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதற்கு நேர் மேலே ஒரு மின்விசிறி. பக்கத்து முக்காலியில் காலித் தேநீர் தம்ளர் ஒன்று. இந்த நாற்காலியில்தான் அவள் உட்கார்ந்திருப்பாள். இந்தத் தம்ளரில்தான் குடித்திருப்பாள். தன் பட்டறையில் அவளுக்கு உட்கார இடம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தார். ஒன்பது வருடமும் அவள் நின்றுகொண்டேதான் பேசியிருக்கிறாள்.

டாக்டர் புல்லர் எடுக்க உள்ளே போனார். நோட்டு மேசைமேல் கிடந்தது. மேஸ்திரி பக்கங்களைப் பின்னால் புரட்டினார். கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவள் பேசுவது போலவே எழுதியிருந்தது.

‘காலைல ஜோரா போகுது. சாயங்காலம் ஏத்தத்துல செத்துப் போகுது. டேங்க் பாதிக்கு மேல இருந்தா வராது. நிக்கறதுக்கு முன்னாடி ஆக்ஸிலேட்டர மிதிச்சா மிதிச்ச மாதிரியே இருக்காது. பத்து நிமிஷம் விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பும்.’

அதற்குக் கீழே, கோடு போட்டு, டாக்டரின் கையெழுத்தில்: ‘நல்ல ஓட்டுநர். சொன்னதெல்லாம் சரி.’

மேஸ்திரி நோட்டை மூடினார். அவள் நல்ல ஓட்டுநர் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அதை அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளை முன்பின் தெரியாத ஒருவன் முதல் நாளே எழுதி வைத்துவிட்டான். புல்லரை வாங்கிக்கொண்டு, ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். மனைவி சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தாள். வெயில் அவள் முகத்தில் விழுந்ததைப் பார்த்து மேஸ்திரி ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பிறகு பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

டேங்கிலிருந்து வருகிற குழாய் பம்ப்பில் சேருகிற இடத்தில் ஒரு போல்ட் உண்டு. டாக்டர் கேன் வைத்துப் பார்த்தபோது கழற்றி மாட்டிய அதே போல்ட். அதைக் கால் சுற்றுத் தளர்த்தினால் போதும். டீசல் வெளியே சொட்டாது. பம்ப் டீசலை உறிஞ்சும்போது காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ராத்திரி முழுக்க வண்டி நின்றால் குழாயில் இருக்கிற டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் எவ்வளவு சுற்றினாலும் கிளம்பாது. ஆறரை மணிக்கு டாக்டர் பட்டறை திறந்திருக்காது. அவள் வேறு வழியில்லாமல் வீட்டுக்குள் வந்து, “என்னங்க, கொஞ்சம் பாருங்களேன்” என்பாள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் ஐந்து நிமிடத்தில் கிளப்பிக் கொடுப்பார். பிள்ளைகளுக்கும் நேரமாகாது. டாக்டரின் லட்சணமும் தெரிந்துவிடும். இவ்வளவுதான் அவர் போட்ட திட்டம். யாருக்கும் இதில் கெடுதல் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஸ்பானர் சுலபமாகத் திரும்பியது.

மறுநாள் காலை அவர் பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டி நின்றார். ஸ்டார்ட்டர் இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. மூன்றாவது முறை நீளமாக இழுத்து, இருமி, எஞ்சின் பிடித்துக்கொண்டது. வேன் கிளம்பித் தெருமுனையில் திரும்பிப் போயேவிட்டது.

குழாயிலிருந்த டீசல் முழுதாக இறங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். அவருக்கு வந்தது பயம் அல்ல, ஏமாற்றம். இதைப் பிற்பாடு அவரே மனைவியிடம் சொன்னார்.

ஏழே முக்காலுக்குப் போன் அடித்தது.

“ஸ்கூலுக்குப் போற வழி ஏத்தத்துல நின்னு போச்சுங்க. வண்டி பின்னாடி உருண்டிடுச்சு. பிள்ளைங்கல்லாம் உள்ள இருக்கு. சீக்கிரம் வாங்க.”

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார்.

வேன் ஏற்றத்தின் நடுவில், பின்சக்கரம் நடைபாதை ஓரத்தில் முட்டிக்கொண்டு, கோணலாக நின்றது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வண்டியில் வருகிற அக்கா சக்கரத்துக்கு அடியில் கல் வைத்துவிட்டு அதன்மேல் காலையும் வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் கீழே ஒரு மணல் லாரி நின்றிருந்தது. லாரி டிரைவர் இன்னும் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எஞ்சின் நின்னதும் பிரேக் கல்லு மாதிரி ஆயிடுச்சு,” என்றாள் மனைவி. “கை பிரேக்கப் போட்டு ஓரத்துல ஒடிச்சேன். இன்னும் நாலு அடி போயிருந்தா அந்த லாரி மேலதான்.”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண், முன்சீட்டுக் கம்பியில் வாய் இடித்து, உதடு கிழிந்து, கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தாள். சட்டைக் காலரெல்லாம் ரத்தம். அவள் அழவில்லை. மேஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போல்ட்டை முடுக்கினார். பம்ப்பின் மேலிருக்கிற கைப்பிடியை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினார். குமிழி குமிழியாக வந்து, பிறகு சுத்தமாக டீசல் வந்தது. எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது.

“என்னவாம்?” என்று கேட்டாள் மனைவி.

அவருக்கு அந்த நேரத்தில் இரண்டு விஷயம் தோன்றின. ஒன்று, ஆபத்து என்று வந்தபோது அவள் டாக்டரைக் கூப்பிடவில்லை, தன்னைத்தான் கூப்பிட்டாள். இன்னொன்று அந்தப் பெண்ணின் கைக்குட்டை. இரண்டாவதை நினைத்தால் பேச முடியாது என்பதால் முதலாவதைப் பிடித்துக்கொண்டார்.

“காத்து வாங்கிருக்கு. பம்ப்புகிட்ட போல்ட் லூசு. அவன்தான இதக் கழட்டினான்? மாட்டும்போது சரியா முடுக்கல.”

அவள் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டாள். உதடு கிழிந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டு, வீட்டில் விட்டுப் பேச்சு வாங்கிக்கொண்டாள். அங்கிருந்து நேராக டாக்டரின் பட்டறைக்குப் போய், நாலைந்து வண்டிக்காரர்கள் முன்னிலையில் அவரைக் கிழி கிழி என்று கிழித்தாள். டாக்டர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். “தப்பு நடந்திருக்கும்மா, மன்னிச்சுக்கோ” என்று மட்டும் சொன்னாராம். டயர் கடைக்காரர் சாயங்காலமே வந்து இதை விலாவாரியாகச் சொன்னார்.

அந்த வாரத்திலேயே டாக்டரிடம் போய்க்கொண்டிருந்த இரண்டு பள்ளி வேன்கள் புகை மேஸ்திரியின் பட்டறைக்கு வந்தன. வீட்டிலும் ‘அவரு’ பழைய இடத்துக்கே திரும்பியது. “அவருகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்” என்று மனைவி போனில் யாரிடமோ சொன்னது அவர் காதில் விழுந்தது. ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு எழுந்து வேறு அறைக்குப் போகத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை டாக்டர் பட்டறைக்கு வந்தார். கையில் அந்த நோட்டு. மேஸ்திரி சண்டைக்குத் தயாராகி எழுந்து நின்றார்.

“சண்டைக்கு வரல,” என்றார் டாக்டர். “நீதான அன்னிக்கு அதச் சரி பண்ணே. ஒண்ணு கேக்கணும். போல்ட் எவ்வளவு லூசா இருந்துச்சு?”

“கால் சுத்து.”

டாக்டர் எழுதிக்கொண்டார். “வாஷர் நசுங்கியிருந்துச்சா? நான் புதுசுதான் போட்டேன்.”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்போ வாஷர் இல்ல. கைதான். எங்கயோ கவனம் போயிருக்கு.” நோட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார். “இந்த மாசம் நான் அந்த போல்ட்டக் கழட்டின வண்டி மொத்தம் பதினொண்ணு. ஒவ்வொருத்தர் வீடா போய்ப் பார்த்துட்டேன். எல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு. உங்க வண்டி மட்டும் எப்படி விட்டுப்போச்சுன்னு புரியல. புரியலைன்னா மறுபடி அதே தப்பப் பண்ணுவேன்.”

மேஸ்திரி நோட்டை எட்டிப் பார்த்தார். மனைவி பேசியதெல்லாம் இருந்த அதே பக்கம். அதன் அடியில் புதிதாக ஒரு வரி: ‘போல்ட் தளர்வு. என் தவறு.’

அந்த வரியைப் பார்த்ததும் அவருக்குப் பழைய எரிச்சல்தான் முதலில் வந்தது. இவனால் மட்டும் எப்படி இதை இவ்வளவு சுலபமாக எழுத முடிகிறது? பிறகு கையைத் துடைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தார்.

“அந்த வரிய அடி.”

“எந்த வரி?”

“கடைசி வரி. நீ நல்லாத்தான் முடுக்கியிருந்த. நான் கழட்டினேன்.”

டாக்டர் பேனாவை மூடினார். பக்கத்துக் கடையில் டயருக்குக் காற்று ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“உள்ள பிள்ளைங்க இருந்துச்சு,” என்றார் கடைசியில்.

“தெரியும்.”

“வீட்ல சொல்லிட்டியா?”

“இல்ல.”

“நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ சொல்லணும். இன்னிக்கே.” படி இறங்கப் போனவர் நின்று திரும்பினார். “புல்லரையும் திருப்பிக் கொடு. நாலு வேலை நின்னு போய்க் கிடக்கு.”

அன்று மத்தியானம், இரண்டு நடைக்கும் நடுவில் மனைவி வீட்டுக்கு வந்தபோது, மேஸ்திரி சமையலறை வாசலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். நீல வட்டத்தைச் சொன்னார், நோட்டைத் திருட்டுத்தனமாகப் படித்ததைச் சொன்னார், ஸ்பானர் நம்பரைக்கூடச் சொன்னார். அவள் தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எப்போ?” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை. நீ தூங்கினப்போ.”

“முழிச்சுப் பார்த்தப்போ திரை இழுத்திருந்துச்சு. வெயில் படக்கூடாதுன்னு நீங்க இழுத்துவிட்டிருக்கீங்கன்னு நெனச்சு…” செம்பை வைத்தாள். ஆணியில் தொங்கிய வேனின் மாற்றுச் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்த பத்து நாள் அவள் அவரிடம் பேசவில்லை. மகள்தான் நடுவில் தபால் கொண்டுபோனாள். “அப்பா, அம்மா சாப்பிடச் சொல்றாங்க.” “அம்மா, அப்பா பசியில்லன்றாரு.” “அப்பா, பசிச்சாலும் பசிக்கலைன்னாலும் தட்ட அப்புறத்துக்கு எடுத்து வைக்க முடியாதாம்.” ஒரு கட்டத்தில் மகளும் அலுத்துப்போய், “ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான இருக்கீங்க?” என்று கத்தினாள்.

உதடு கிழிந்த பெண்ணின் வீட்டுக்கு மேஸ்திரி தனியாகவே போனார். அந்தப் பெண்ணின் அம்மா அவரை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நிற்க வைத்துக் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டார். மேஸ்திரி தலையைக் குனிந்து நின்றார். மறுநாளிலிருந்து அந்தப் பெண் வேறொரு வேனில் பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். அவருடைய மனைவி பள்ளித் தலைமையாசிரியையைப் பார்த்து நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ஒரு மாதம் பார்க்கிறோம், அதற்குள் வண்டி ஒரு தடவை நின்றாலும் அவ்வளவுதான் என்றார்கள். டாக்டரின் பட்டறைக்கும் போய், முன்பு யார் யார் முன்னிலையில் கத்தினாளோ அவர்களில் கிடைத்தவர்கள் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டாள். புகை மேஸ்திரியிடம் வந்த இரண்டு வேன்களையும் அவரே திருப்பி அனுப்பிவிட்டார்.

பதினொன்றாம் நாள் காலை அவள் பேசினாள்.

“ஒரு வாரம் கடைய லேட்டாத் திறங்க. சாயங்காலம் சீக்கிரம் சாத்துங்க. ரெண்டு நடையும் வண்டில வரணும்.”

“எதுக்கு?”

“வாங்கன்னா வாங்க.”

ஒன்பது வருடத்தில் அவள் ஓட்டி, அவர் அந்த வேனில் உட்கார்ந்ததே இல்லை. கடைசி வரிசையில், முட்டி முன்சீட்டில் இடிக்க, இரண்டு புத்தகப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். பிள்ளைகள் அவரை அதிசயமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். யாருக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தால் தலைசுற்றும், யார் யாரை அருகருகே உட்கார வைத்தால் சண்டை வரும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஏற்றம் தொடங்குவதற்குப் பத்தடி முன்னாலேயே, பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே இரண்டாவது கியருக்கு மாற்றினாள். எஞ்சினின் சத்தம் ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லாமல் மாறியது. மூணாவது கியர்லயே இழுக்கிற என்று சொன்னவர் கடைசி வரிசையில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாளிலிருந்து பிள்ளைகள் பழகிவிட்டார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரச் சொன்னாள். இன்னொருவன் அவர் நகத்தில் ஏன் எப்போதும் கறுப்பு என்று கேட்டான். இறங்கும்போது மட்டும் எல்லோரும் அவளுக்குத்தான் டாட்டா காட்டினார்கள். ஒரு பயல்கூடக் கடைசி வரிசைப் பக்கம் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்ட பிறகு அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். “போதும். திங்கக்கிழமையிலேர்ந்து கடையப் பாருங்க.”

“ம்.”

வண்டி வீட்டுத் தெருவில் திரும்பியது. “இன்னும் ஒரு நாள் வரட்டுமா?” என்று கேட்டார்.

“எதுக்கு?”

“சும்மாத்தான்.”

அவள் வண்டியை வாசலில் நிறுத்திச் சாவியை உருவினாள். வேனின் வேலையெல்லாம் டாக்டரிடமே நடக்கும் என்பதையும், மாற்றுச் சாவி தன் பையில்தான் இருக்கும் என்பதையும் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள். அதில் மாற்றம் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு மேஸ்திரி துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, நகத்தையும் தேய்த்துக் கழுவிக்கொண்டு, வேன் பக்கத்தில் வந்து நின்றார். அவள் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பின்கதவைத் திறந்துவிட்டாள். முன்சீட்டில், அவளுக்குப் பக்கத்தில், வழக்கம்போல அந்த அக்கா உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கவும் மேஸ்திரிக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏறிக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.